கதவுக்கு மூன்று தெய்வங்கள்: ரோமானியப் புராணம், ஓர் எளிய அறிமுகம்

பழைய ரோமில் ஒரு வீட்டுக் கதவுக்கு மூன்று தெய்வங்கள் இருந்தன. கதவுப் பலகைக்கு ஃபோர்குலஸ், கீலுக்கு கார்தியா, வாசற்படிக்கு லிமென்டினுஸ். 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிறித்தவ ஆயர் அகஸ்தீன் இதை வைத்து நன்றாகவே கிண்டல் செய்தார். ஒரு வாசலுக்கு ஒரே ஒரு காவல்காரன் போதும், அவனும் சாதாரண மனிதன்தான், அதே வாசலைக் காக்கத் தெய்வம் என்றால் மட்டும் மூன்று பேர் வேண்டியிருக்கிறதா என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் ரோமானியப் புராணத்தைப் புரிந்துகொள்ள இந்த மூன்று பேரிடமிருந்து தொடங்குவதுதான் நல்லது. ஏனென்றால் நம்மில் பலருக்கு இதைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு வரி: கிரேக்கர்களின் சியூஸை ஜூபிடர் என்றும், ஹீராவை ஜூனோ என்றும், ஏரிஸை மார்ஸ் என்றும் பெயர் மாற்றி வைத்துக்கொண்டார்கள் ரோமானியர்கள். இது பாதி உண்மை. கதைகளில் பெரும்பகுதி கிரேக்கத்திலிருந்து வந்தது சரி. தெய்வத்தை அவர்கள் பார்த்த விதம் மட்டும் சொந்தச் சரக்கு. இந்தத் தெய்வம் யாரைக் காதலித்தது, யாரோடு சண்டை போட்டது என்பதெல்லாம் ரோமானியனுக்கு அப்புறம்தான். எந்த வேலை இதன் பொறுப்பு, என்ன கொடுத்தால் அந்த வேலை நடக்கும் என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி.

அதனால்தான் அவர்களிடம் இத்தனை சில்லறைத் தெய்வங்கள். பயிரைத் தாக்கும் துரு நோய்க்கு ரொபிகுஸ். ஏப்ரல் 25 அன்று அவனுக்குப் படையல் போட்டு, இந்த வருடம் பயிர் பக்கம் வராதே என்று வேண்டிக்கொள்வார்கள். நகரத்தின் பெரிய சாக்கடைக்கு க்ளோஆகினா. பொதுச்சதுக்கமான ஃபோரத்தில் அவளுடைய சிறு கோயிலின் வட்டமான அடித்தளம் இன்றும் கிடக்கிறது. எல்லைக்கல்லுக்கு டெர்மினுஸ். பிப்ரவரி 23 அன்று வயலின் இரு பக்கத்துக்காரர்களும் ஆளுக்கொரு மாலையோடு வந்து, நடுவில் நிற்கும் அந்தக் கல்லுக்குப் போட்டுவிட்டு, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வரப்புத் தகராறு எங்கும் உள்ளதுதானே.

டெர்மினுஸைப் பற்றி அவர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. கேப்பிட்டல் குன்றில் ஜூபிடருக்குப் பெரிய கோயில் எழுப்ப இடம் தேவைப்பட்டது. ஏற்கெனவே அங்கே இருந்த சிறு தெய்வங்களிடம் முறைப்படி அனுமதி கேட்டார்கள். மற்றவர்கள் நகர்ந்துகொள்ள, டெர்மினுஸ் மட்டும் அசைய மறுத்துவிட்டானாம். தெய்வங்களின் அரசனுக்கே இடம் விடவில்லை. கடைசியில் கல்லைக் கோயிலுக்குள்ளேயே வைத்துக் கட்டினார்கள். அவன் திறந்த வானத்தின் கீழ்தான் இருக்க வேண்டும் என்பதால் கூரையில் ஒரு துளையும் விட்டார்கள். கதை இவ்வளவுதான். காதல் இல்லை, பழிவாங்கல் இல்லை. எல்லைக்கல்லை யாரும் நகர்த்தக்கூடாது என்ற சட்டம்தான் கதை வடிவில் நிற்கிறது. கலப்பில்லாத ரோமானியக் கதைகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

வேண்டுதலிலும் அதே சுபாவம். இதைச் செய்துகொடுத்தால் உனக்குக் கோயில் கட்டுகிறேன், காளை பலி தருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லி, காரியம் நடந்ததும் நேர்த்திக்கடனைச் செலுத்துவார்கள். பிரிட்டன் முதல் சிரியா வரை எங்கே தோண்டினாலும், "வேண்டியபடி மனமுவந்து செலுத்திவிட்டேன்" என்ற பொருளில் நான்கே எழுத்துச் சுருக்கம் பொறித்த கற்கள் கிடைக்கின்றன. மந்திரங்களோ பத்திரம் எழுதுவது போல இருக்கும். ஒரு தோப்பில் மரம் வெட்டும் முன் சொல்ல வேண்டிய மந்திரம், "நீ ஆண் தெய்வமோ பெண் தெய்வமோ, யாராக இருந்தாலும்" என்று தொடங்குகிறது. பின்னால் யாரும் ஆட்சேபம் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

எதிரியின் தெய்வத்தோடும் பேரம் நடக்கும். கி.மு. 396-ல் வேயி என்ற பக்கத்து நகரத்தைப் பிடித்தபோது, அங்கிருந்த ஜூனோவின் சிலையைக் கொண்டுவர இளம் வீரர்கள் சிலர் குளித்து வெள்ளை உடுத்திக் கோயிலுக்குள் போனார்கள். அவர்களில் ஒருவன் விளையாட்டாகவோ என்னவோ, "ஜூனோ, ரோமுக்கு வருகிறாயா?" என்று கேட்டானாம். சிலை தலையாட்டியது என்று மற்றவர்கள் கூச்சலிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார்.

சரி, இப்போது மார்ஸைப் பாருங்கள். கிரேக்க ஏரிஸ் ஒரு ரத்தவெறியன். ஹோமரின் காவியத்தில் பெற்ற தகப்பனே அவனை வெறுப்பதாகச் சொல்கிறான். மார்ஸ் அப்படியில்லை. ரோம் நகரத்தை நிறுவியதாகச் சொல்லப்படும் ரோமுலஸின் தந்தை என்பதால் ரோமானியர் எல்லோருக்கும் அவன் குலமுதல்வன். போரோடு வயலுக்கும் காவல் அவன்தான். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கேட்டோ எழுதிய விவசாயக் கையேட்டில், பன்றி, ஆடு, காளை மூன்றையும் நிலத்தைச் சுற்றி நடத்திக்கொண்டு போய், கண்ணுக்குத் தெரிந்த நோயும் தெரியாத நோயும் என் வயலை அண்டாமல் பார்த்துக்கொள் தந்தையே என்று மார்ஸிடம் வேண்டும் முறை வரி வரியாக இருக்கிறது. குளிர் விலகிப் படையும் ஏரும் ஒரே நேரத்தில் வெளியே கிளம்பும் மாதம் அவனுடையது: மார்ச். பழைய ரோமானிய ஆண்டு அதில்தான் தொடங்கியது. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது என்றே பெயர் வைத்திருந்தார்கள். நாம் அவற்றை இரண்டு மாதம் தள்ளி அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆண்டின் முதல் இடத்துக்கு ஜனவரி வந்த கதையில் அந்த மாதத்துக்குப் பெயர் தந்த ஜானுஸ் வருகிறான். வாசலுக்கும் தொடக்கத்துக்கும் உரிய தெய்வம். முன்னும் பின்னும் பார்க்கும் இரண்டு முகம். கிரேக்கத்தில் இவனுக்கு இணையே கிடையாது. எந்தத் தெய்வத்தை வணங்கினாலும் முதல் அழைப்பு இவனுக்குத்தான். கி.மு. 153-ல் ஸ்பெயினில் போர் முற்றி, தளபதியைச் சீக்கிரம் அனுப்ப வேண்டியிருந்தது. மார்ச்சில் பதவியேற்க வேண்டிய கான்சல்கள் என்ற உச்ச அதிகாரிகள் அந்த ஆண்டு ஜனவரி 1-லேயே ஏற்றார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது. உலகமே பட்டாசு வெடித்துக் கொண்டாடும் தேதி ஒரு போர்க்கால நிர்வாக ஏற்பாடு என்பது எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஜானுஸின் கோயில் கதவு போர் நடக்கும்போது திறந்திருக்கும், அமைதி வந்தால் மூடப்படும். ரோம் பிறந்த நாள் முதல் தனக்கு முன் இரண்டே முறை மூடிய கதவு தன் காலத்தில் மூன்று முறை மூடப்பட்டது என்று பேரரசர் அகஸ்டஸ் தன் சாதனைப் பட்டியலில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அந்தப் பட்டியல் கல்வெட்டாக இன்றும் இருக்கிறது. பெருமையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ரோம் எவ்வளவு காலம் சண்டை போட்டுக்கொண்டே இருந்தது என்பதற்கு அதுவே வாக்குமூலம்.

மாதத்தைவிட வாரத்தின் கதை சுவையானது. அதன் ஒரு முனை நம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

ரோமானியர்களுக்கு முதலில் ஏழு நாள் வாரம் கிடையாது; எட்டு நாளுக்கு ஒருமுறை சந்தை கூடும் கணக்குதான். கிரேக்க ஆட்சியில் இருந்த எகிப்தின் சோதிடர்களிடமிருந்து ஏழு கிரக வாரம் வந்து சேர்ந்தது. கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரச் சுவர்களில், சனிக்கு உரிய சாட்டர்னில் தொடங்கி ஏழு தெய்வங்களின் பெயரை யாரோ வரிசையாகக் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். சரி, ஞாயிறுக்குப் பிறகு ஏன் திங்கள், அதற்குப் பிறகு ஏன் செவ்வாய்? வானத்தில் அந்த வரிசை எங்கும் இல்லையே?

பழைய கணக்கில், பூமியிலிருந்து மிகத் தள்ளி இருப்பது முதல் மிக அருகில் இருப்பது வரை கிரகங்களின் வரிசை இது: சனி, வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், சந்திரன். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இதே வரிசையில் ஓர் அதிபதி. சனிக்கிழமை முதல் மணி சனிக்கு. எட்டாவது, பதினைந்தாவது, இருபத்திரண்டாவது மணிகளும் சுற்றிச் சுற்றி அவனுக்கே வரும். 23ஆவது வியாழனுக்கு, 24ஆவது செவ்வாய்க்கு. மறுநாள் முதல் மணி சூரியனுக்கு. ஆகவே அது ஞாயிறு. அங்கிருந்து இதேபோல 24 மணி எண்ணினால் மறுநாள் சந்திரனில் விழும். முதல் மணிக்கு யார் அதிபதியோ அந்த நாள் அவர் பெயரில். ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ 3ஆம் நூற்றாண்டில் இந்தக் கணக்கை எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது உங்கள் வீட்டு நாள்காட்டியைத் திருப்பி ஹோரை அட்டவணையைப் பாருங்கள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சனி ஹோரை, அப்புறம் குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன். காசியஸ் டியோ சொன்ன அதே வரிசை. சுக்கிர ஹோரை பார்த்து நகை வாங்கப் போகிறவர்கள் பொம்பெய்க்காரன் போட்ட கணக்கைத்தான் போடுகிறார்கள். ஹோரை என்பதே கிரேக்கச் சொல். மத்தியப் பிரதேசத்தின் ஏரணில் உள்ள கி.பி. 484ஆம் ஆண்டுக் கல்வெட்டில் தேதியோடு வியாழக்கிழமையும் குறிக்கப்பட்டிருக்கிறது. இந்தியக் கல்வெட்டுகளில் கிழமை காட்டும் மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று.

கணக்கு ஒன்று என்பதால் தெய்வங்களும் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். ரோமானியனின் வெள்ளி வீனஸ், காதலின் தேவி. நம் சுக்கிரன் அசுரர்களின் ஆண் குரு. ரோமானியனின் வியாழன் இடி ஏந்திய அரசன் ஜூபிடர். நமக்கோ தேவர்களின் ஆசிரியர். நாள்கள் அதே இடத்தில் இருக்க, குடியிருப்பவர்கள் மட்டும் ஊருக்கு ஊர் வேறு.

சிலர் பெயராக மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள். கேப்பிட்டல் குன்றில் ஜூனோ மொனெட்டா கோயிலை ஒட்டித்தான் ரோமின் நாணயச் சாலை இருந்தது. பணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அந்த மொனெட்டாவிலிருந்து வந்தது. நெருப்புத் தெய்வம் வல்கன் எரிமலைக்கும், கந்தகம் சேர்த்துச் சூடாக்கி ரப்பரை உறுதியாக்கும் முறைக்கும் பெயர் கொடுத்தான். நம்மூர் டயர் கடைகளின் பலகையில் 'வல்கனைசிங்' என்று பெயிண்டில் எழுதியிருப்பது அவனைத்தான்.

அடையாளங்களைப் படிக்கும்போது ஒன்றில் கவனம் வேண்டும். இன்று 'பழங்கால ரோமின் சின்னம்' என்று நாம் நம்பும் சில விஷயங்கள் அவ்வளவு பழையவை இல்லை, அல்லது இடம் மாறி உட்கார்ந்தவை. மருத்துவச் சின்னம் அப்படித்தான். இறக்கை வைத்த கோலில் இரண்டு பாம்புகள் பின்னியிருந்தால் அது மெர்க்குரியின் தூதுக்கோல். அவன் வியாபாரிகளுக்கும் தூதர்களுக்கும், ஏன், திருடர்களுக்கும் தெய்வம். நோயைக் குணமாக்குவது அவன் வேலையே இல்லை. மருத்துவத் தெய்வம் ஈஸ்குலாபியஸின் கோல் வெறும் தடி, அதில் ஒரே ஒரு பாம்பு. உலக சுகாதார நிறுவனத்தின் சின்னத்தில் இருப்பது இதுதான். 1902-ல் அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு இரட்டைப் பாம்புக் கோலை எடுத்துக்கொண்டது இந்தக் குழப்பம் பரவ ஒரு முக்கியக் காரணம். நம் ஊரிலும் பல கிளினிக் பலகைகளில் வியாபாரத் தெய்வத்தின் கோல்தான் இருக்கிறது. பில்லைப் பார்த்தவர்கள் அது சரியான சின்னம்தான் என்பார்கள்.

ஈஸ்குலாபியஸ் ரோமுக்கு வந்ததற்கும் கதை இருக்கிறது. கி.மு. 293-ல் கொள்ளைநோய் வந்தபோது கிரேக்கத்தின் எபிடாரஸ் கோயிலுக்கு ஒரு தூதுக்குழு போனது. அங்கிருந்து தெய்வத்தின் பாம்பு தானாகவே கப்பலில் ஏறிக்கொண்டதாம். ரோமை நெருங்கியதும் டைபர் ஆற்றின் நடுவில் இருந்த தீவில் இறங்கியதாம். அங்கேயே கோயில் எழுந்தது. தீவின் ஓரத்தைக் கப்பல் வடிவில் கல்லால் கட்டினார்கள். தடியும் பாம்பும் செதுக்கிய அந்தக் கற்களில் கொஞ்சம் இன்றும் தண்ணீர்மட்டத்துக்கு மேலே தெரிகிறது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதே தீவில் தொடங்கிய மருத்துவமனை இப்போதும் நடக்கிறது.

நீதிதேவதையின் கண்கட்டும் ரோமானியர் கட்டியது இல்லை. அவர்களின் இயுஸ்டீடியா கண் திறந்தவள். தராசுகூட, நாணயங்களில், ஈக்விடாஸ் என்ற நேர்மைத் தேவியின் கையில்தான் அதிகம் காணப்படும். கண்ணைக் கட்டிய உருவம் 1494-ல் ஜெர்மன் மொழி நையாண்டி நூல் ஒன்றின் மரச்செதுக்குப் படத்தில் வருகிறது. அங்கே பின்னாலிருந்து துணி கட்டுபவன் ஒரு கோமாளி. நீதிமன்றங்கள் குருடாக நடக்கின்றன என்ற கேலி அது. கொஞ்சக் காலத்தில் அதே துணி, ஆள் பார்த்துத் தீர்ப்பு சொல்லாத நடுநிலைக்கு அடையாளமாகிவிட்டது. தமிழ்ப் படங்களின் நீதிமன்றக் காட்சிகளில் நாம் பார்த்துப் பழகிய சிலை இந்த இரண்டாவது அர்த்தத்தில் வந்தவள். 2024 அக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் நூலகத்தில் புதுச்சிலை வைத்தபோது கண்கட்டை எடுத்துவிட்டு, வாளுக்குப் பதில் அரசியலமைப்புச் சட்டத்தைக் கையில் கொடுத்தார்கள். புடவையும் உடுத்திவிட்டார்கள்.

நீதி, சுதந்திரம், வெற்றி, நம்பிக்கை போன்ற கருத்துகளுக்கே கோயில் கட்டிக் கும்பிடுவது ரோமானியர்களிடம் பரவலாக இருந்த பழக்கம். இது அரசியலுக்கு எவ்வளவு வசதி என்பதைப் பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசரோ பட்டுத் தெரிந்துகொண்டார். கி.மு. 58-ல் அவருடைய எதிரி குளோடியஸ் அவரை நாடுகடத்த வைத்து, பலத்தீன் குன்றிலிருந்த வீட்டை இடித்து, அந்த இடத்தில் சுதந்திரத் தேவி லிபர்டாஸுக்கு ஒரு சன்னிதியை எழுப்பினான். கோயில் நிலத்தை யாரும் திருப்பிக் கேட்க முடியாது. அதுவும் சுதந்திரத்தின் கோயிலை இடி என்று எந்த அரசியல்வாதி வாயைத் திறப்பான்? மறு ஆண்டு திரும்பி வந்த சிசரோ பூசாரிகள் குழுவின் முன் வாதாடினார். பிரதிஷ்டை முறைப்படி நடக்கவில்லை என்றார். அந்தச் சிலையே தனாக்ரா ஊரில் ஒரு தாசியின் கல்லறையிலிருந்து தூக்கி வந்தது என்று போட்டு உடைத்தார். நிலம் திரும்பக் கிடைத்தது.

அதே லிபர்டாஸின் அடையாளம், விடுதலை பெற்ற அடிமை தலையில் வைக்கும் கம்பளித் தொப்பி. சீசரைக் கொன்ற பிறகு புரூட்டஸ் வெளியிட்ட நாணயத்தில் இரண்டு குத்துவாள், நடுவில் அந்தத் தொப்பி, கீழே கொலை நடந்த தேதி. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் சிவப்பு நிறத்தில் இதே மாதிரித் தொப்பியைத்தான் மாட்டிக்கொண்டார்கள். 1886-ல் நியூயார்க் துறைமுகத்தில் நின்ற சுதந்திர தேவியும் இந்த லிபர்டாஸின் வழிவந்தவள்தான். சிற்பி பார்தோல்டி தொப்பியை விட்டுவிட்டுக் கதிர்க் கிரீடம் வைத்தார். காலடியில் அறுந்த சங்கிலி மட்டும் பழைய கதையைச் சொல்கிறது. கீழே நின்று பார்த்தால் அது கண்ணில் படாது.

ரோமின் மிகப் பிரபலமான சின்னமான ஓநாய்க்கும் இதே கதிதான். ரோமுலஸ், ரீமஸ் இரட்டையருக்குப் பால் கொடுக்கும் வெண்கல ஓநாய், ஏ.எஸ். ரோமா கால்பந்து அணியின் சின்னத்தில்கூட அவள் இருக்கிறாள். கேப்பிட்டல் அருங்காட்சியகத்தில் உள்ள அந்தச் சிலையில் குழந்தைகள் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் சேர்க்கப்பட்டவர்கள். ஓநாயே இடைக்காலத்தில் வார்க்கப்பட்டது என்று அறிவியல் சோதனைகள் காட்டுகின்றன. இதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் பொருட்டில்லை. கி.மு. 753 ஏப்ரல் 21 அன்று ரோமுலஸ் நகரத்தை நிறுவினான் என்பது மரபு. ஆண்டுதோறும் அந்தத் தேதியில் ரோம் பிறந்தநாள் கொண்டாடுகிறது. சுவரைத் தாண்டிக் குதித்துக் கேலி செய்த தம்பி ரீமஸை அண்ணன் கொன்றதும் அதே மரபுக் கதையில்தான் வருகிறது.

பிப்ரவரி வந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும்: காதலர் தினம் என்பது ரோமின் லூபர்கேலியா திருவிழாவின் தொடர்ச்சி, அதில் பெண்களின் பெயரைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள் என்று. லூபர்கேலியா உண்மையான விழா. பிப்ரவரி 15 அன்று ஆட்டைப் பலியிட்டு, அந்தத் தோலை வாராக வெட்டி, இளைஞர்கள் அரைகுறை ஆடையோடு ஓடி எதிர்ப்படுகிறவர்களை அடிப்பார்கள். அடி பட்டால் பிள்ளைப்பேறு கிட்டும் என்ற நம்பிக்கையில் பெண்கள் கை நீட்டுவார்கள். சீட்டுக் குலுக்கலுக்கு மட்டும் பழைய சான்று எதுவும் இல்லை. காதலையும் வாலண்டைன் நாளையும் சேர்த்துப் பேசும் எழுத்து 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில்தான் கிடைக்கிறது. வாழ்த்து அட்டையில் வில்லோடு பறக்கும் காதல் தெய்வம் க்யூபிட் மட்டும் உண்மையிலேயே பழைய ரோமில் இருந்தவன்.

இந்தத் தெய்வங்கள் இன்று அதிகம் புழங்கும் இடம் வானம். 1801 ஜனவரி 1 அன்று சிசிலியில் பியாட்சி கண்டுபிடித்த குறுங்கோளுக்கு, அந்தத் தீவு கொண்டாடிய தானியத் தேவி சீரிஸின் பெயர். 2011-ல் வியாழனை நோக்கிக் கிளம்பிய விண்கலத்துக்கு நாசா வைத்த பெயர் ஜூனோ. ஜூபிடர் தன் லீலைகளை மறைக்க மேகத்தைப் போர்த்திக்கொள்வான். மனைவி ஜூனோ அந்த மேகத்தைத் தாண்டி உள்ளே நடப்பதைப் பார்த்துவிடுவாள். வியாழனின் மேகங்களுக்கு அடியில் ஆராயப் போகும் கலத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. கலத்துக்குள் ஜூபிடர், ஜூனோ, கலிலியோ மூவரின் அலுமினிய லெகோ பொம்மைகளும் போயிருக்கின்றன. ஜூனோ பொம்மையின் கையில் பூதக்கண்ணாடி.

மேகக் கதையில் ஜூபிடர் மறைக்கப் பார்த்த பெண்ணின் பெயர் அயோ. கதை கிரேக்கத்திலிருந்து வந்தது. வியாழனின் பெரிய நிலவுகளில் ஒன்றுக்கு அவள் பெயர்தான். 2023 டிசம்பர் 30 அன்று ஜூனோ அந்த அயோவுக்குச் சுமார் 1,500 கிலோமீட்டர் அருகில் பறந்து, மேற்பரப்பில் உள்ள எரிமலைகளைப் படம் பிடித்தது. 2024 பிப்ரவரியில் இன்னொரு முறையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தது.